இதர என்று போட்டவள்

மார்ச் 3, செவ்வாய்

இளநிலை நீர்ப் பகுப்பாய்வாளர் தேர்வு முடிவு வந்துவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் பட்டியலில் என் எண் இருக்கிறது. என் கண்ணை நம்பாமல் மகள் தர்ஷிகாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, விரல் வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். என் எண்தான்.

அண்ணன் கைகொடுத்தான். மதினி கேசரி கிண்டினாள். அவளுக்கும் சந்தோஷம் இருக்கத்தானே செய்யும். ஜூன் மாதம் அவளுடைய அப்பா அம்மா சங்கரன்கோவிலிலிருந்து இங்கேயே வந்துவிடுகிறார்கள். நானும் தர்ஷிகாவும் படுக்கிற அறைதான் அவர்களுக்கு. மதினி ஒருநாளும் என்னைப் போ என்று சொன்னதில்லை. அந்த அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

என்னோடு சேர்ந்து எழுதிய இசக்கியின் எண் பட்டியலில் இல்லை.

மார்ச் 4, புதன்

இசக்கியின் எண் வேறொரு பட்டியலில் இருந்தது. நிராகரிக்கப்பட்டவர்கள் பட்டியல். காரணம்: கல்வித்தகுதி பொருந்தவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பி.எஸ்சி. தொழில்துறை வேதியியல். அரசாங்கம் கேட்டது வேதியியல் பட்டம். பிரவுசிங் கடையில் இணையத்தில் விண்ணப்பித்த அன்று பட்டத்துக்கு உரிய குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அந்த வரிசையில் எங்கள் படிப்பே இல்லை. 104 வேதியியல். கடைசியில் 199, இதர. நான் யோசிக்காமல் 104 போட்டேன். அதே கடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவள் 199 போட்டு, படிப்பின் பெயரை எழுத்துக்கூட்டி முழுசாக அடித்தாள்.

“ஏட்டி, இதரன்னு போட்டா தூக்கி எறிஞ்சிருவான். 104 போடு” என்று அன்றைக்கே சொன்னேன்.

“சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதத்தான் போடணும்” என்றாள். ஹரிச்சந்திரனுக்குத் தங்கச்சி.

இத்தனைக்கும் மதிப்பெண் அவளுக்குத்தான் அதிகம். எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். பெண்களில் அவள் முதலாவது, நான் இரண்டாவது. இப்போது அவள் இல்லை, நான் முதலாவது. இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் மிச்சமிருந்த கேசரியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

எனக்கு வந்த அழைப்பில் ஒரு வரி இருக்கிறது. பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால், அது கேட்ட பட்டத்துக்கு இணையானது என்று சொல்லும் அரசாணையைக் கொண்டுவர வேண்டும். அப்படி ஒரு ஆணை உண்டா என்றே தெரியாது. விண்ணப்பித்த காலத்தில் நாங்கள் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை. ஆணை இல்லாமல் போனால் 104 போட்ட குட்டு உடைந்துவிடும்.

நிராகரித்தவர்களுக்கும் ஒரு வரி போட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் மார்ச் 18 மாலை 5.45க்குள் அரசாணையை இணையத்தில் ஏற்றலாம்.

நூலகத்தில் இசக்கியைப் பார்த்தேன். அழுதிருப்பாள் என்று நினைத்துப் போனால், அவள் எனக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

“நாளைக்கு யுனிவர்சிட்டிக்குப் போவோம். ஆணை இல்லைன்னாலும் பாடத்திட்டம் ஒண்ணுதான்னு ஒரு லெட்டராவது வாங்கு. உன்னையக் கூப்பிட்டிருக்கான்லா, நேர்ல பேசிக்கிடலாம்.”

“உனக்கு?”

“என்னைய வெளிய தள்ளியாச்சு. லெட்டர வச்சு நான் என்ன செய்ய? ஆணைதான் வேணுங்கான்.”

வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

பல்கலைக்கழகம் போய்வந்தோம். நல்ல வெயில். மூன்று பிரிவுகளுக்கு அலையவிட்டு நாலாவதில் உட்காரச் சொன்னார்கள். அங்கே இருந்த அம்மா நல்ல மாதிரி. என் சான்றிதழைப் பார்த்ததுமே அலமாரியைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து இசக்கிக்கு வீட்டிலிருந்து போன். அவள் அப்பா கை கால் விழுந்து படுக்கையில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள். பேசிக்கொண்டே வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

ஆணை இருக்கிறது. பழைய ஆணை. தொழில்துறை வேதியியல் பட்டம் அரசுப் பணிக்கு வேதியியல் பட்டத்துக்கு இணையானது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்த அம்மா நகலெடுத்து முத்திரையும் வைத்துக் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாங்கிக் கோப்பில் வைத்து, கோப்பைப் பைக்குள் வைத்து, பையை மூடினேன்.

இசக்கி வந்தாள். “என்னட்டி சொன்னாங்க?”

“தேடிப் பாக்கணுமாம்” என்றேன்.

பஸ்ஸில் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தில் இதையெல்லாம் விளக்கமாகப் பேச முடியுமா?

மார்ச் 7, சனி

போர்வை எல்லாம் துவைத்தேன். மதினி, “எதுக்கு கனி எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டு அடிக்க?” என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

இசக்கியிடம் சொல்லாமல் இருக்கப்போகிறேன் என்று அர்த்தமில்லை. முதலில் எனக்கே அந்த ஆணை சரியாகப் புரிய வேண்டும். ஒருவேளை நாங்கள் படித்த ஆண்டுக்கு அது பொருந்தாமல் போகலாம். அவளுக்கு வீணாக ஆசை காட்டிவிடக் கூடாது.

படித்துப் பார்த்தேன். பொருந்துகிறது.

மார்ச் 9, திங்கள்

இசக்கி நூலகத்துக்கு வரவில்லை. போன் செய்தால், லேபில் ஆள் இல்லை, வேலை இருக்கிறது என்றாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. லேபுக்குள் எப்படி பஸ் வரும்? வாசலில் நின்று பேசியிருப்பாள்.

அவளைப் பார்க்க வேண்டியதில்லை என்றதும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று வந்தாள். எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

“ஆணை கெடச்சுதா கனி?”

“எங்க? இன்னும் தேடுதாங்களாம்.”

“சரி” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சோற்றில் வழக்கம்போல் எனக்குப் பாதி வைத்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை. சோற்றில் உப்பு அதிகம்.

மார்ச் 12, வியாழன்

மறுபடியும் கேட்டாள். “யுனிவர்சிட்டில ஏதும் சொன்னாங்களா?” இல்லை என்றேன். தினமும் இதே கேள்வி. எனக்கு வருகிற எரிச்சலுக்கு, நூலகத்தை மாற்றிக்கொள்ளலாமா என்றிருக்கிறது.

அவளுக்கு என்ன அவசரம்? எனக்கு வேண்டியதைத்தானே கேட்கிறாள் என்றால், எனக்கே இல்லாத அவசரம் அவளுக்கு எதற்கு?

மார்ச் 13, வெள்ளி

நியாயமாகவே யோசித்துப் பார்க்கிறேன். அவளுக்குச் சொந்த வீடு இருக்கிறது. சின்னதுதான், ஆனாலும் யாரும் திரைச்சீலை தைத்துவைத்துக் காத்திருக்கவில்லை. கையில் ஒரு வேலையும் இருக்கிறது. பிள்ளை இல்லை. எனக்கு, திருப்பூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிற ஒரு மனிதரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கிறார்கள். பிள்ளை நேற்று என்னிடம், “ஜூன்ல நாம எங்கம்மா படுப்போம்?” என்று கேட்டது. யார் சொன்னார்கள் அதனிடம்?

தவிர, இதர என்று போடச் சொல்லி அவளை நானா கட்டாயப்படுத்தினேன்? புத்திசாலித்தனமாக ஒரு எண் போட்டவள் நான். அதற்கு ஒரு பலன் இருக்கக் கூடாதா?

அவளுடைய அப்பாவைப் பற்றி இங்கே எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அவரைக் காலையிலும் மாலையிலும் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும். அதற்கு இடையில்தான் அவள் படித்தாள். படித்து என்னைவிட அதிகம் வாங்கினாள்.

மார்ச் 15, ஞாயிறு

தர்ஷிகாவுக்குத் தலைக்குக் குளிப்பாட்டினேன். மதினிக்கு மிளகாய் காயப்போட்டுக் கொடுத்தேன். ஆணையை எடுத்து மெத்தைக்கு அடியில் வைத்தேன். பிறகு பிள்ளை மூத்திரம் போய்விட்டால் என்ன செய்வது என்று எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

இசக்கி இன்று கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

கிளம்பும்போது மட்டும், “கனி, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்றாள்.

“என்ன சொல்லணும்?”

“ஒண்ணுமில்லைன்னா விடு.”

நாளைக்குச் சொல்லிவிடுவேன். இன்று வாய்வரை வந்துவிட்டது. யாரோ குறுக்கே வந்தார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

நாளைக்கு.

மார்ச் 18, புதன்

இன்று போய்ச் சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே போயிருப்பேன். ஆனால் உளுந்து ஊறிவிட்டது. ஆட்டாமல் போட்டுவிட்டுப் போனால் மதினி என்ன நினைப்பாள்? ஆட்டி முடித்தால் மதியம். மதியம் அவள் லேபில் இருப்பாள், அங்கே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. போனில் சொல்கிற விஷயமில்லை இது. பிறகு தர்ஷிகா பள்ளிவிட்டு வந்தாள். அவளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்து, சேலை மாற்றிக் கிளம்பினேன். முதல் பஸ்ஸில் கூட்டம் என்று அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

இசக்கி அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. நான் பையைத் திறந்து ஆணையை எடுத்து நீட்டினேன். “ஏட்டி, இது கெடச்சிருச்சு. உனக்கும் பொருந்தும். உடனே ஏத்து.”

அவள் கையை நீட்டவில்லை. துண்டால் அப்பாவின் தாடையைத் துடைத்தாள். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆறரை.

“அஞ்சே முக்காலோட முடிஞ்சு போச்சு கனி.”

“ஐயையோ” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“பதறாத. நான் போன வாரமே ஏத்திட்டேன்.”

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள். தேடிப் பார்க்கணும் என்று நான் சொன்னதை நம்பி, எனக்காக அந்த அம்மாவைப் பார்த்துக் கொஞ்சம் அவசரப்படுத்தலாம் என்று திங்கட்கிழமை லேபுக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த அம்மா, “முத்துக்கனிதானே? வெள்ளிக்கெழமையே குடுத்துட்டேனேம்மா” என்றிருக்கிறார். இவளுக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

“அன்னைலேர்ந்து தெனமும் கேட்டேன்லா உங்கிட்ட. இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்குச் சொல்லுவான்னு.”

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். “அப்ப நீயும்தான மறைச்ச? ஏத்திட்டேன்னு எங்கிட்ட ஏன் சொல்லல? எம்பிள்ளைக்குப் படுக்க எடமில்லன்னு தெரியும்லா ஒனக்கு?” என்று கத்தினேன். அவள் அப்பா பயந்துபோய் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆமா, மறைச்சேன்” என்றாள். “நான் மறைச்சதுக்கு என்னைய ஏசு. ஆனா நீ எத்தன மணிக்கு வந்திருக்கன்னு மட்டும் நெனச்சுப் பாரு.”

ஆணையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாதி வழியில் அது எனக்கும் வேண்டுமே என்று ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் வாசலில் நின்றேன். பேசாமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்ச் 19, வியாழன்

நேற்று அந்த முதல் பஸ்ஸில் கூட்டமே இல்லை.

ஏப்ரல் 9, வியாழன். சென்னை

இசக்கியின் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டு அவளையும் அழைத்திருந்தார்கள். ஒரே ரயிலில்தான் வந்தோம். அவள் ஒரு பெட்டியில், நான் ஒரு பெட்டியில்.

காலையில் சரிபார்ப்பு. எனக்கு முன்னால் அவள். அதிகாரி அவளுடைய சான்றிதழையும் ஆணையையும் பார்த்தார், தலையாட்டினார், முடிந்தது. என் முறை வந்ததும் கோப்பை அப்படியே நீட்டினேன்.

“தொழில்துறை வேதியியல்னு இருக்கு. 104 ஏம்மா போட்டீங்க?”

“பட்டியல்ல எங்க படிப்பு இல்ல சார்.”

“இதரன்னு போட வேண்டியதுதான?” என்று சொல்லிக்கொண்டே என் ஆணையைப் புரட்டினார். “சரி, ஆணை இருக்கு. போங்க.”

நான் போகவில்லை. “சார், அந்தக் குறியீடு… அதுனால ஒண்ணும் பிரச்சினை இல்லையா?”

“அது கம்ப்யூட்டர் பிரிச்சு அடுக்குறதுக்கும்மா. எங்களுக்கு நீங்க என்ன படிச்சீங்க, ஆணை இருக்கா, அவ்வளவுதான்.”

104 என்னைக் காப்பாற்றவும் இல்லை, 199 அவளைக் கவிழ்க்கவும் இல்லை. ஒரு தாள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது. அந்தத் தாள் முதலில் என் கையில்தான் இருந்தது.

மத்தியானம் இடம் ஒதுக்கும் கலந்தாய்வு. முன்னால் பெரிய திரை. ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை இடம் மிச்சம் என்று அதில் தெரிகிறது. ஒருவர் இடத்தை எடுத்ததும் எண் குறைகிறது. எங்கள் பிரிவுப் பெண்களுக்கு நேராக ஒன்று என்று இருந்தது. இசக்கியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் ஒரு நொடி திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவள் விட்டுக்கொடுப்பாள் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருந்தது. அவள் நேராகப் போய் உட்கார்ந்தாள். குடிநீர்ப் பரிசோதனைக்கூடம், திருநெல்வேலி. கையெழுத்துப் போட்டாள். திரையில் ஒன்று பூஜ்யமானது.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

வீட்டுக்கு வந்தேன். மதினி தோசை சுட்டுப் போட்டாள். “அடுத்த தடவை கெடைக்கும் கனி” என்றாள். இந்தப் பதவிக்கு அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவள் நல்லவள்தான். எனக்குத்தான் யாரையாவது கெட்டவளாக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 27, திங்கள்

ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலைக்குக் கேட்டுவைத்தேன். ஜூனில் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் பட்டத்தின் பெயரை அங்கே யாரும் கேட்கவில்லை. ஜூனிலிருந்து நாங்கள் ஹாலில் படுக்க வேண்டியதுதான். தர்ஷிகாவுக்கு அதில் சந்தோஷம், டி.வி. பக்கத்தில் இருக்கிறதாம்.

இசக்கிக்கு நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

மே 22, வெள்ளி

காலையில் வாசலில் போலீஸ்காரர். மதினி வெலவெலத்துப் போய்விட்டாள். திருப்பூர்க்காரர் ஏதாவது வழக்குப் போட்டுவிட்டாரோ என்று எனக்கும் பயம்.

“முத்துக்கனி யாரும்மா?”

“நாந்தான் சார்.”

“இசக்கியம்மாள்னு ஒருத்தங்களுக்கு கவர்மெண்ட் வேலை வந்திருக்கு. வேலைல சேருறதுக்கு முன்னால ஆளு எப்படின்னு நாங்க விசாரிக்கணும். அவங்கள நல்லாத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரோட பேர எழுதிக் குடுக்கணும். அதுல ஒரு பேரு ஒங்களுது.”

நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். எனக்கு அந்த நேரம் தேவைப்பட்டது. மனதுக்குள் ஒரு சின்னக் குரல் கேட்டது. பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம், லேசாக இழுத்தால் போதும், “தெரியலையே சார்” என்றால்கூடப் போதும், அவள் கொஞ்ச நாள் அலைவாள் என்றது அது. அந்தக் குரல் வேறு யாருடையதும் இல்லை.

“எவ்வளவு நாளாத் தெரியும்?”

“காலேஜ்லேர்ந்து சார்.”

“ஆளு எப்படி? நம்பலாமா? எதையும் மறைக்கிற ஆளா?”

மதினி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியாது, கொஞ்சம் தெரியும்.

“நம்பலாம் சார்” என்றேன். “சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதத்தான் எழுதுவா. அப்படி எழுதித்தான் ஒரு தடவ வேலையே போகப் பாத்துச்சு.”

அவருக்கு அது புரியவில்லை. ‘நன்னடத்தை உள்ளவர்’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

அவர் போனதும் இசக்கிக்குப் போன் செய்தேன். எடுத்தாள். அந்தப் பக்கம் அவள் அப்பா இருமுவது கேட்டது.

“ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா? எதுக்கு எம்பேர எழுதிக் குடுத்த? நான் ஏதாவது ஏடாகூடமாச் சொல்லியிருந்தேன்னா?”

“நல்லாத் தெரிஞ்சவங்க பேர எழுதணும்னு போட்டிருந்துச்சு” என்றாள். பிறகு, “என்னைய வேற யாருக்கு கனி தெரியும்?” என்றாள்.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் போனை வைக்கவில்லை.